நந்தனார் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர்

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்றொரு பகுதி உண்டு. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடம் அதுவே என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆதனூரில் பிறந்த அந்த அடியார், தில்லைக் கூத்தனைக் காண்பதற்குத் தீயைக் கடக்க வேண்டியிருந்தது என்பது புராணம். அதே இடத்தில் நம் இனத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றை நிறுவியவர் சுவாமி சகஜானந்தர். சென்னீர்குப்பத்தில் நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவர் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 27-1-1890 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளியில் பயின்றார். அக்காலத்தில் சேரிப் பிள்ளைக்குத் திறந்திருந்த கல்விக் கதவு பெரும்பாலும் பாதிரிமார் திறந்து வைத்த கதவே. இதனை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் கிறித்தவ சமயத்தைத் தழுவ இளைஞர் முனுசாமியின் மனம் இசையவில்லை. அத்தோடு அவருடைய பள்ளிப் படிப்பும் நின்றது.

பின்னர் அவர் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். வட ஆற்காட்டு மாவட்டத்து ஆதிதிராவிட மக்கள் ஆயிரக்கணக்கில் பூமியின் அடியாழத்தில் இறங்கிப் பாறை உடைத்த ஊர் அது. அங்கே அவருடைய உள்ளம் துறவின்பால் திரும்பிற்று. சென்னை வியாசர்பாடிக்கு வந்து, கையையே பாத்திரமாகக் கொண்டு உண்டமையால் கரபாத்திர சுவாமிகள் எனப் பெயர் பெற்ற பெரியாரை அடைந்து, அவரிடம் வேதாந்தம் பயின்றார். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரோடு 1910-ஆம் ஆண்டு சிதம்பரம் சேர்ந்தபோது அவருக்கு வயது 20.

துறவி ஒருவர் மடம் அமைத்துக்கொண்டு அமைதியாகக் காலங்கழித்திருக்கலாம். இவரோ 1916-இல் 25 மாணவர்களைக் கொண்டு நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி நடத்திப் பழகியவர்கள் ஒன்றை அறிவர். கட்டடம் எழுப்புவது எளிது. பிள்ளையை நாள்தோறும் வரவழைப்பதே அரிது. அந்நாளைய தென்னாற்காட்டில் தந்தை பண்ணையாள். தாய் நடவுக்கும் களைக்கும் போவாள். மகன் மாடு மேய்த்தால்தான் அவனுக்கு வேளைக் கஞ்சி கிடைக்கும். அவனைப் பள்ளிக்கு அழைத்தால் அந்தக் கஞ்சிக்கு யார் பொறுப்பு? சுவாமிகள் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றார். பள்ளியோடு விடுதியும் வைத்து, அதன் செலவுக்காக ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். தமக்கென ஏதும் வேண்டாதவர், பிறர் பிள்ளைகளின் சோற்றுக்காகப் பலருடைய வாயிலிலும் நின்றார். அவர் வாழ்வில் என் நெஞ்சைப் பெரிதும் தொட்ட பகுதி இதுவே. பள்ளி படிப்படியாக உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

1926-இல் சென்னைச் சட்டசபையில் இடம் பெற்றார். 1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் சிதம்பரம் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்றார். டாக்டர் அம்பேத்கர் 1956-இல் பௌத்தம் தழுவினார். சுவாமிகளோ இறுதிவரை சைவ நெறியிலேயே நின்றார். இதனால் அவரைக் குறை கூறுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் கருத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். கோயிற்கதவு சட்டத்தால் திறப்பதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே இவர் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார். நந்தனார் காத்து நின்ற ஊரில், நந்தனார் பெயராலேயே, நம் பிள்ளைகள் காத்து நில்லாமல் உள்ளே சென்று அமரத்தக்க ஓர் இடம் அவ்வாறு உண்டாயிற்று.

1-5-1959 அன்று சுவாமிகள் மறைந்தார். சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் இன்றும் நடைபெற்று வருகின்றன.