பெய்ட்டன் ரௌஸ்

புற்றுநோய் தசை, கொழுப்பு, நார் முதலிய மென்மையான திசுக்களில் தோன்றுமாயின் அதனைச் சார்க்கோமா என்பர். மக்களிடம் அரிதாகக் காணப்படும் இவ்வகைப் புற்று எங்ஙனம் உண்டாகிறது என்னும் ஆராய்ச்சிக்குக் கோழியொன்றின் வாயிலாக வழிதிறந்தவர் பெய்ட்டன் ரௌஸ் ஆவார்.

இவர் 1879-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்தார். மருத்துவம் பயின்றபொழுது, பிணத்தை அறுத்துச் சோதிக்கையில் விரலில் காயம்பட்டுக் காசநோய்க்கு ஆளானார். டெக்சாஸ் மாநிலத்துக் கால்நடைப் பண்ணை ஒன்றில் ஓராண்டு தங்கி, நலம்பெற்று மீண்டார். 1905-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1909-ஆம் ஆண்டு, நியூயார்க்கு நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றி வந்தார். அப்பொழுது, மார்பில் பெருங்கட்டியுடைய பெட்டைக்கோழி ஒன்று அவரிடம் கொண்டுவரப்பட்டது. கட்டியின் துணுக்குகளை அதே இனத்துக் கோழிகளின் உடலில் பதித்தார். அவற்றிலும் புற்று வளர்ந்தது. பின்னர்க் கட்டியை அரைத்து, உயிரணுக்கள் புகவொண்ணாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை நலமுள்ள கோழிகளுக்குச் செலுத்தினார். என்னே வியப்பு! அவற்றிற்கும் புற்று உண்டாயிற்று. சாற்றில் உயிரணு இல்லை. ஆகவே, அதனினும் நுண்ணியதோர் பொருளே நோய்க்குக் காரணம் எனத் தெளிந்து, 1911-இல் வெளியிட்டார். அப்பொருளே வைரசு.

அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை. அது மெய்யான புற்றன்று என்றனர் சிலர். கோழிக்கு உற்றது மனிதர்க்குப் பொருந்தாது என்றனர் வேறு சிலர். எலிகளிடம் இத்தகைய வைரசைத் தேடியும் ரௌஸ் காணவில்லை. எனவே, 1915-இல் அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். எனினும் சோம்பி இருந்தாரல்லர். குருதியைச் சிட்ரேட் உப்பும் சர்க்கரையும் கலந்து பல நாள் கெடாமல் வைக்கும் முறையை டர்னர் என்பாருடன் கண்டார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர் பலரை அது காத்தது.

1933-இல் ரிச்சர்டு ஷோப் என்பவர் காட்டு முயல்களின் தோற்கட்டிகளுக்கு வைரசே காரணம் எனக் கண்டார். அச்செய்தி ரௌசை மீண்டும் புற்றாய்விற்கு ஈர்த்தது. வீட்டு முயல்களில் அக்கட்டிகள் கொடும் புற்றாக மாறுவதை அவர் நிறுவினார்.

காலம் அவரை மறக்கவில்லை. கோழியாய்வை வெளியிட்டு 55 ஆண்டுகள் கழிந்தபின், 1966-இல் நோபல் பரிசு அவருக்கும் சார்லசு ஹக்கின்சு என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு அகவை 87. 1970-இல் அவர் மறைந்தார்.

1976-இல் பிஷப், வார்மசு முதலிய அறிஞர்கள், அவ்வைரசில் புற்றை விளைக்கும் மரபணு நலமுள்ள கோழியின் உயிரணுவிலிருந்து வந்ததே எனக் காட்டினர். உயிரணுவின் சொந்த மரபணு நிலைதிரியின் புற்று விளையும் என்பது இதனால் தெளிவாயிற்று. மரபணு மாற்றத்தால் புற்று விளையும் என்னும் கொள்கையை ரௌஸ் ஏற்றாரல்லர். ஆயினும் அவர் கண்ட வைரசே அதற்குச் சான்றாய் அமைந்தது. ஆய்வாளரின் கருத்து பிழைபடலாம். அவர் பொறுமையுடன் கண்ட உண்மை பிழைபடுவதில்லை.