பட்டினி கிடந்து புத்தகம் வாங்கிய மாணவர்

பெங்களூர் விதான சவுதாவுக்கு முன்னால் செல்லும் சாலைக்கு டாக்டர் அம்பேத்கார் வீதி என்று பெயர். அங்குள்ள மெட்ரோ ரெயில் நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த எத்தனையோ பேர் தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவரும் ஒரு காலத்தில் முன்பின் தெரியாத பெருநகரங்களில், சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்தான்.

அம்பேத்கார் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி பிறந்தார். தாழ்த்தப்பட்ட மகர் சாதி. தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பம்பாயில் பி.ஏ. தேறிய மறு ஆண்டே தந்தை காலமானார். மேல்படிப்புக்கு பரோடா மகாராஜா சாயாஜிராவ் கைகொடுத்தார். மாதம் 11½ பவுண்டு வீதம் 3 ஆண்டுகளுக்கு உதவித்தொகை. படித்து முடித்ததும் பரோடாவில் 10 ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நியூயார்க்கில்...

1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் தங்கினார். சாப்பாடு பிடிக்கவில்லை. ஒரே வாரத்தில் அறையை மாற்றினார். பிறகு நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் ஒரே அறையில் தங்கினார். அந்த நட்பு கடைசி வரை நீடித்தது.

அங்கே எல்லோருடனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கண்டிக்கவும் ஆள் இல்லை. புதிதாகக் கிடைத்த சுதந்திரத்தில் முதல் சில மாதங்கள் வேடிக்கையில் கழிந்தன. பின்னர் மனம் விழித்துக்கொண்டது. பம்பாயில் கஷ்டப்படும் மனைவி ரமாபாய்க்கும் இந்தப் பணத்திலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

அதன் பிறகு சினிமா இல்லை, குடி இல்லை. காப்பியும் ரொட்டியுமாகப் பசியை அடக்கினார். மிச்சம் பிடித்த காசெல்லாம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிற்று. சுமார் 2,000 புத்தகங்கள் சேர்ந்தன. 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

அறை கிடைக்கவில்லை

1916-ல் லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பு பாதியில் நின்றது. 1917-ல் ஊர் திரும்பினார். உலகப்போர் நடந்த நேரம். அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த வேறொரு கப்பல் தாக்குதலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலையில் சேர்ந்தார். நியூயார்க்கில் தாராளமாக அறை கிடைத்தவருக்கு இங்கே கிடைக்கவில்லை. வேறு வழியின்றி, பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி சத்திரத்தில் தங்கினார். சில நாட்களில் விஷயம் தெரிந்து, தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் வீட்டிலும் இடம் இல்லை. பூங்காவில் கண்ணீருடன் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றிரவே பம்பாய்க்கு ரெயில் ஏறினார்.

மீண்டும் லண்டன்

ஆனாலும் பாதியில் விட்ட படிப்பை அவர் மறக்கவில்லை. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிப் பணம் சேர்த்தார். பதேனா கடன் கொடுத்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவும் உதவினார். 1920-ல் மறுபடி லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

தங்கிய விடுதியில் காலை உணவு அரை வயிற்றுக்குத்தான் வரும். பகல் முழுவதும் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். முதல் ஆளாக உள்ளே போவார்; கடைசி ஆளாக வெளியே வருவார். பல இடங்களுக்கும் நடைதான். இரவில் பசித்தால் அப்பளம். பிறகு விடியும் வரை படிப்பு. ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆராய்ச்சிக்காக 1923-ல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. பாரிஸ்டர் படிப்பையும் முடித்திருந்தார்.

பின்னாளில் பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம் வீட்டில் பெரும் பகுதி புத்தகங்களுக்கே ஒதுக்கப்பட்டது. 1956 டிசம்பர் 6-ந்தேதி காலமானார். லண்டன் கிங் ஹென்றி சாலையில் அவர் வசித்த 10-ம் எண் வீடு 2015-ல் நினைவு இல்லமாயிற்று.

ஆனால் அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. கடையிலோ, ஓட்டலிலோ, கிணற்றடியிலோ சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு. அந்தச் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவர், பரோடாவில் தலைசாய்க்க இடமின்றி ரெயில் ஏறிய அதே அம்பேத்கார்தான்.