எட்டெழுத்தை விலைக்கு வாங்கியவர்

தொழிலைத் தொடங்கியவர்களுக்கு நாட்டில் சிலைகள் உண்டு. பிறர் தொடங்கி நடத்த முடியாமற்போன தொழிலை விலைகொடுத்து வாங்கி நிலைநிறுத்தியவர்களை அவ்வாறு போற்றும் வழக்கம் நம்மிடம் குறைவு. வாங்கியவர் என்ற சொல்லிலேயே ஏதோ ஓர் எளிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பணம் இருந்தது, வாங்கினார் என்று முடித்துவிடுகிறோம். எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கியபோது அவரிடம் பெரும்பணம் இருக்கவில்லை. விற்றவரிடமும் பெரும்பொருள் ஏதும் இருக்கவில்லை. கைமாறியது ஒரு பெயர். அதற்கு எழுத்தெண்ணி விலை பேசப்பட்டது.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் வாசன். இயற்பெயர் சீனிவாசன். மிக இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். கைம்பெண்ணான அன்னை மகனுக்குக் கல்வி தரவேண்டும் என்ற ஒரே நோக்கோடு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த மகன் படிப்பை முடிக்கவில்லை. குடும்ப நிலை அதற்கு இடந்தரவில்லை. பட்டம் பெறாதது குறித்து வாசன் வருந்தினாரோ இல்லையோ, அன்னை வருந்தியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

கல்லூரியை விட்ட இளைஞர் இரண்டு தொழில்களைக் கையில் எடுத்தார். ஒன்று, பொருள்களை அஞ்சல் வழியாக விற்பது. மற்றொன்று, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுப்பது. இரண்டும் முதல் அதிகம் தேவைப்படாத தொழில்கள். வாய்த்திறமும் கால்நடையும் போதும். ஆயினும் அவை அவருக்குக் கற்பித்தவை பல. வி.பி.பி. முறையில் பொருள் அனுப்புபவருக்கு, எந்த ஊரில் எவர் எதை விரும்பி வாங்குவார் என்பது முகவரிப் புத்தகத்திலிருந்தே தெரிந்துவிடும். விளம்பரம் சேர்ப்பவருக்கோ, எந்தப் பத்திரிகை உண்மையில் படிக்கப்படுகிறது, எது அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும். பத்திரிகை உலகத்துக்குள் அவர் எழுத்தாளராக முன்வாயில் வழியே நுழையவில்லை. விளம்பரக்காரராகப் பின்வாயில் வழியே நுழைந்தார். அவர் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இதுவே முதலில் கண்ணில் படவேண்டிய செய்தியாகும்.

ஆனந்த விகடனைத் தொடங்கியவர் பூதூர் வைத்தியநாதையர். 1926 பிப்ரவரியில் முதல் இதழ் வெளிவந்தது. நகைச்சுவைக்கென்றே தமிழில் ஓர் இதழ் நடத்தலாம் என்று அவர் துணிந்தது சிறிய செயலன்று. சமயமும் சீர்திருத்தமும் அரசியலும் மட்டுமே பத்திரிகைக்கு உரியவை என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால் கருத்துக்கும் காகிதக் கடைக்காரருக்கும் தொடர்பில்லை. இரண்டே ஆண்டுகளில் பணமுடை முற்றியது. 1927 டிசம்பரில் இதழ் நின்றுபோயிற்று. இலக்கிய வட்டம் நடத்தியவர்களுக்கும், கையெழுத்து ஏடாவது கொண்டுவந்து பார்த்தவர்களுக்கும் இந்த இடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதழுக்கு விளம்பரம் கொடுத்திருந்த வாசன், இதழ் வராத காரணத்தை அறியச் சென்றார் என்றும், பேச்சு விளம்பரத்திலிருந்து விற்பனைக்குத் திரும்பியது என்றும் சொல்வர். முடிவில் ஓர் எழுத்துக்கு 25 ரூபாய் என விலை முடிவாயிற்று. ஆனந்த விகடன் என்பதில் எட்டு எழுத்துகள். ஆக 200 ரூபாய். யாப்பறிந்தோர் இங்கே சற்றுப் புன்னகைக்கலாம். கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவதுபோல் ஒற்று நீக்கி எண்ணியிருந்தால் எழுத்து ஆறுதான். விலையும் 150 ரூபாயாகக் குறைந்திருக்கும். வாசன் ஒற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுத்தார்.

நின்றுபோன இதழுக்கு 200 ரூபாய் அதிகமா, குறைவா? வானூரை அடுத்த மரக்காணத்துக் கடற்கரையில் உப்பளம் எடுத்து நடத்துவோரைக் கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். புதிய நிலத்தில் பாத்தி கட்டுவது ஒன்று. மழையில் மூழ்கிக் கிடக்கும் பழைய பாத்தியைக் கைக்கொள்வது வேறொன்று. பழைய பாத்தியில் வரப்பு கரைந்திருக்கலாம், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். ஆனால் அடித்தரை பலருடைய கால்பட்டு ஆண்டாண்டாக மிதிபட்டு இறுகியிருக்கும். அந்த இறுக்கத்துக்குப் பத்திரத்தில் தனி விலை எழுதுவதில்லை. விகடன் என்ற பெயரை இரண்டு ஆண்டுகள் சிலராவது கேட்டு வாங்கியிருந்தனர். சிலர் அது வராததைக் கவனித்திருந்தனர். வராத இதழைத் தேடுவோர் இருக்கிறார்கள் என்பதற்கு வாசனே சான்று. அவரும் தேடிச் சென்றவர்தானே!

1928 பிப்ரவரியில் விகடன் புதிய வடிவில் மீண்டும் வந்தது. வாசன் பெயரை மாற்றவில்லை. வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் பிழை அதுதான். தம் முத்திரை தெரியவேண்டும் என்ற ஆசையில், விலைகொடுத்து வாங்கிய பொருளையே முதலில் அழித்துவிடுவார்கள். நகைச்சுவை என்ற அடிப்படையையும் அவர் விடவில்லை. அதைச் சுற்றிக் கதை, தொடர்கதை, கட்டுரை, படம் எனப் பலவற்றைச் சேர்த்தார். அவரே கதைகளும் எழுதினார். அவருடைய 'சதிலீலாவதி' பின்னர் 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் படமாயிற்று, எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியது அப்படத்தில்தான். திங்களிதழ் காலப்போக்கில் வார இதழாயிற்று. மாலியின் கோடுகளில் உருப்பெற்ற குடுமித் தாத்தா விகடனின் முகமாகவே ஆகிப்போனார்.

இதழ் வளர்ந்ததற்குக் குறுக்கெழுத்துப் போட்டியும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறு கட்டணம் செலுத்திப் பெரிய பரிசுக்கு ஆசைப்படும் மனிதப் பண்பை அது பயன்படுத்திக்கொண்டது. அது சூதாட்டத்தின் மற்றொரு வடிவம் என்று அன்றே கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கண்டனத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. குதிரைப் பந்தயத்தில் வாசனுக்கு இருந்த ஈடுபாடும் ஊரறிந்தது. ஆனால் அவ்வழி வந்த பணம் எழுதுவோர்க்கும் வரைவோர்க்கும் மாதந்தவறாமல் ஊதியமாகச் சென்றது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். எழுத்தை மட்டும் நம்பி ஒருவன் சென்னையில் குடும்பம் நடத்தலாம் என்ற நிலை தமிழில் உருவானதில் விகடனுக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர் கண்டெடுத்தவர்களில் தலையானவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. திரு.வி.க.வின் நவசக்தியில் உதவியாசிரியராக இருந்த அவர் விகடனுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்பினார். கல்கி என்ற புனைபெயரைத் தமிழகம் விகடன் வழியாகவே அறிந்துகொண்டது. 1931இல் அவர் விகடனின் ஆசிரியப் பொறுப்புக்கு வந்தார். நுனிப்பேனாவில் அத்தனை வகை எழுத்தையும் வைத்திருந்த ஒருவரைக் கண்டபோது, தாமும் எழுதத் தெரிந்தவரான வாசன் ஒதுங்கி வழிவிட்டார். கல்கி கர்நாடகம் என்ற பெயரில் இசை விமரிசனம் எழுதினார். கள்வனின் காதலியும் தியாகபூமியும் விகடனில் தொடர்ந்தன. பாரதி மகாகவியா என்ற பெருவழக்கில் கல்கி ஒரு பக்கமும் வ.ரா. முதலியோர் மறுபக்கமும் நின்றபோது, கல்கியின் வாதங்கள் விகடனில் ஏறின. கவிஞர்களுக்கு அந்தக் காயம் நெடுங்காலம் ஆறவில்லை. இதழ் விற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அதே பத்தாண்டில் 1933இல் மணிக்கொடி தோன்றியது. தமிழ்ச் சிறுகதையின் உயரங்களை அது தொட்டது. 1930களின் இறுதியில் மறைந்தது. மணிக்கொடியின் பக்கம் நின்று விகடனைப் பழிப்பது இலக்கிய வட்டங்களில் எளிது. விற்பனையைக் காட்டி மணிக்கொடியை எள்ளுவது வணிகரிடையே எளிது. மணிக்கொடிக்கு எழுத ஆள் இருந்தது, கணக்குப் பார்க்க ஆள் இல்லை. விகடனில் இருவரும் ஒரு கூரையின்கீழ் இருந்தனர். சில ஆண்டுகளேனும் ஒருவர் மற்றவருடைய வேலையில் அதிகம் தலையிடவில்லை.

அந்த ஒற்றுமை 1941இல் முறிந்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைசெல்லும் விருப்பம் கல்கிக்கு இருந்தது. அவர் விகடனை விட்டு விலகினார். சிறை மீண்டபின் டி. சதாசிவத்துடன் சேர்ந்து அவ்வாண்டிலேயே சொந்த இதழ் தொடங்கினார்.  தம் புனைபெயரையே இதழின் பெயராக வைத்தார். விகடன் வளர்த்த பெயர் விகடனுக்கே போட்டியாக எதிரில் வந்து நின்றது. பிறர் சேர்த்த பெயரை வாங்கி வாழ்ந்தவருக்கு, தம்மிடம் சேர்ந்த பெயர் விடைபெற்றுப் போனது எப்படி இருந்திருக்கும்! ஆயினும் விகடன் சாயவில்லை. தேவன் பொறுப்பேற்றார். துப்பறியும் சாம்பு வாரந்தோறும் வந்தார். 1957இல் மறையும்வரை தேவன் அந்நாற்காலியில் இருந்தார். ஓர் ஆளை நம்பி மட்டும் தொழில் நிற்கவில்லை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

இதற்கிடையில் வாசன் தம் பழைய செயலை இன்னும் பெரிய அளவில் மீண்டும் செய்திருந்தார். இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் தியாகபூமி, விகடனில் தொடராகவும் 1939இல் திரைப்படமாகவும் வந்தது. தொடருக்குச் சித்திரங்களாகப் படத்தின் நிழற்படங்களையே அச்சிட்டனர். படத்தை விநியோகம் செய்தவரும் வாசனே. சென்னை மவுண்ட் ரோடில் சுப்பிரமணியம் தொடர்புகொண்டிருந்த படப்பிடிப்பு நிலையம் தீவிபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்தபோது, வாசன் அதை 86,000 ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு எடுத்தார். ஜெமினி என்று பெயர் வைத்தார். இம்முறை வாங்கியது பெயரன்று, எரிந்தது போக எஞ்சிய கட்டடமும் இடமும். ஆகவே பெயரை அவர் தர வேண்டியதாயிற்று. அப்பெயர் விண்மீனிலிருந்து வந்ததா, பந்தயக் குதிரையிலிருந்து வந்ததா என்பது குறித்துக் கதைகள் பல உலவுகின்றன.

ஜெமினியில் அவர் கட்டியதும் ஒரு பத்திரிகை அலுவலகம் போன்றதே. கதை இலாகா என ஒன்று அமைத்து, எழுத்தாளரையும் கவிஞரையும் மாதச் சம்பளத்தில் அமர்த்தினார். கொத்தமங்கலம் சுப்பு அதன் உயிர். காந்தி மகான் கதையைப் பாமரர் காதுக்கு எட்டும் நடையில் பாடிய அவர், ஜெமினிக்காகக் கதை எழுதினார், நடித்தார், இயக்கினார். புதுமைப்பித்தனும் சிலகாலம் 'அவ்வையார்' படத்துக்காக எழுதினார். அசோகமித்திரன் தம் இளமையில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் அங்கே பணியாற்றிப் பின்னர் அவ்வுலகை எழுத்தில் வரைந்தார். கவிஞனுக்கு மேசையும் சம்பளமும் கொடுத்துவிட்டால் கவிதை வருமா என்ற கேள்வி நியாயமானது. பலருக்கு அங்கே வேலையே இல்லாமல் நாள் கழிந்ததும் உண்மை. பட்டினியும் கவிதையைத் தந்துவிடுவதில்லை என்பதை மட்டும் இவ்விடத்தில் குறிப்பது போதும்.

'சந்திரலேகா' ஐந்தாண்டு உழைப்பு. முதலில் இயக்கியவர் இடையில் விலக, வாசனே இயக்கத்தை மேற்கொண்டார். 30 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்பர். 1948 ஏப்ரலில் தமிழிலும், அவ்வாண்டின் இறுதியில் இந்தியிலும் வெளிவந்தது. முரசு நடனத்தை இந்தியா முழுவதும் கண்டது. தென்னாட்டுப் படம் வடநாட்டில் ஓடும் என்று காட்டியது அப்படம். அதிலும் பழைய அஞ்சல் விற்பனைக்காரரின் கை தெரிகிறது. எல்லா ஊருக்கும் விளம்பரம் சென்றது, பொருள் பின்னே சென்றது. 1953இல் வந்த 'அவ்வையார்' வேறு வகை. கே. பி. சுந்தராம்பாள் கோலூன்றி நடந்து பாடிய அப்படத்தால், பள்ளிப் பாடத்தில் மட்டும் இருந்த ஒரு புலவர் கொட்டகைத் தரை டிக்கெட்டுக்காரர்களுக்கும் உரியவரானார்.

பிற்காலத்தில் வாசன் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 26இல் மறைந்தார். விகடனை மகன் எஸ். பாலசுப்பிரமணியன் ஏற்று நடத்தினார். ஜெமினி நெடுநாள் நிலைக்கவில்லை. படப்பிடிப்பு நிலையங்களின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1970களில் அது அடங்கிற்று. 1973இல் அருகில் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். பேருந்தில் ஏறுவோர் ஜெமினி என்று கேட்டுத்தான் சீட்டு வாங்கினர். நிலையம் போனபின்னும் பெயர் அங்கே நின்றுவிட்டது.

பூதூர் வைத்தியநாதையரின் பெயர் விகடன் வரலாற்றைப் பேசும்போது மட்டும், அதுவும் முதல் வரியில் மட்டும், வருகிறது. ஆயினும் வாசன் தம் கணக்கை 1928லிருந்து தொடங்கியிருக்கலாம், தொடங்கவில்லை. விகடன் தன் வயதை 1926லிருந்தே எண்ணுகிறது. வைத்தியநாதையர் கடனோடு நடத்திய அந்த இரண்டு ஆண்டுகளும் அதில் அடங்கும்.