இரேன் நெமிரோவ்ஸ்கி

இரேன் நெமிரோவ்ஸ்கி (பெப்ரவரி 24, 1903 – ஆகஸ்ட் 17, 1942) பிரெஞ்சு மொழியில் எழுதிய புதின எழுத்தாளர் ஆவார். அன்றைய உருசியப் பேரரசின் கீவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர் ஆக்கிரமித்திருந்த பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தபடியே அவ்வாழ்க்கையைப் பற்றி இவர் எழுதிய சுயித் பிரான்சேஸ் என்னும் முற்றுப்பெறாத புதினம், இவர் இறந்து 62 ஆண்டுகள் கழித்து 2004 இல் வெளியானது.

இளமைக்காலம்

தந்தை லியோன் செல்வந்தரான வங்கியாளர். தாயின் அன்பைப் பெறாது வளர்ந்த இரேன், பிரெஞ்சு ஆசிரியை ஒருவரின் பராமரிப்பில் சிறுவயதிலேயே அம்மொழியைத் தாய்மொழி போலக் கற்றார். 1917 புரட்சிக்குப் பின் குடும்பம் பின்லாந்து, சுவீடன் வழியாகத் தப்பி 1919 இல் பிரான்சை அடைந்தது. சோர்போனில் இலக்கியம் பயின்ற இவர் 1926 இல் மிசேல் எப்சுடைன் என்பவரை மணந்தார். தெனிசு (1929), எலிசபெத் (1937) என இரு மகள்கள் பிறந்தனர். 1929 இல் வெளியான தாவித் கோல்டர் என்ற புதினம் இவரைப் புகழ்பெறச் செய்தது. விரைவில் திரைப்படமாகவும் வந்தது.

இவ்வளவு புகழ் இருந்தும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கவில்லை. 1939 இல் குடும்பத்துடன் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். யூத வெறுப்பைப் பரப்பிய கிரங்குவார் போன்ற இதழ்களில் இவர் எழுதியதும், தம் கதைகளில் யூதப் பாத்திரங்களைச் சித்தரித்த விதமும் பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. அவ்விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இசி-லெவெக் சிற்றூரில்

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் மகள்கள் இருவரும் தம் செவிலியின் சொந்த ஊரான, பர்கண்டிப் பகுதியிலுள்ள இசி-லெவெக்கிற்கு அனுப்பப்பட்டனர். 1940 இல் பெற்றோரும் அங்கு சேர்ந்து, ஊரின் விடுதியில் தங்கினர். அவ்விடுதியிலேயே செருமானியப் படையினரும் தங்கியிருந்தனர்.

பிரான்சின் தோல்விக்குப் பின் ஊர் ஆக்கிரமிப்புப் பகுதிக்குள் வந்தது. கடிகாரங்கள் பெர்லின் நேரத்துக்கு மாற்றப்பட்டன. இரவில் ஊரடங்கு நிலவியது. துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. குதிரைகளும் தானியமும் படைக்கென எடுத்துக்கொள்ளப்பட்டன. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் செருமனியில் போர்க்கைதிகளாக இருந்ததால், பல பண்ணைகளில் உழவும் அறுவடையும் பெண்கள், முதியோர் தலையில் விழுந்தன. மறுபுறம், பகைவனாக வந்தவன் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் வாழும்போது அவனுடன் பேசாதிருப்பதும் கடினமாயிற்று. இந்தச் சிக்கலே நெமிரோவ்ஸ்கியின் கருப்பொருளானது.

1940 அக்டோபரில் விசி அரசின் யூதர் சட்டம் வந்தது. மிசேல் வங்கி வேலையை இழந்தார். இரேன் தம் பெயரில் நூல் வெளியிட இயலவில்லை. எனினும் அல்பன் மிசேல் பதிப்பகம் மாதப்பணம் அனுப்பி வந்தது. நாள்தோறும் ஊரையடுத்த காட்டுக்கு நடந்து சென்று, தாள் தட்டுப்பாட்டால் மிக நுண்ணிய கையெழுத்தில் எழுதினார். ஐந்து பாகங்களாகத் திட்டமிட்டதில் இரண்டே நிறைவடைந்தன. முதலாவது 1940 சூனில் பாரிசு மக்கள் சாலைகளில் தப்பியோடியதைக் கூறுவது. தோல்சே எனப்படும் இரண்டாவது, புய்சி என்ற கற்பனைச் சிற்றூரில் நிகழ்வது. கணவன் போர்க்கைதியாக உள்ள லூசில் என்ற பெண், தன் மாமியார் வீட்டில் தங்கவைக்கப்பட்ட செருமானிய அதிகாரியிடம் ஈர்ப்புக் கொள்கிறாள். ஆனாலும் செருமானியன் ஒருவனைக் கொன்ற உழவனை அதே வீட்டில் ஒளித்துவைக்கிறாள். படை உருசியப் போர்முனைக்குப் புறப்படுவதுடன் பாகம் முடிகிறது. யூதர் எவரும் இதில் இடம்பெறாதது குறிப்பிடத்தக்கது.

1941 கோடையில் இசி-லெவெக்கில் இருந்த படையும் அவ்வாறே புறப்பட்டது. எப்சுடைன் குடும்பம் மதிப்புக்குரியது, அவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்று தம் தோழர்களுக்கு எழுதிய கடிதமொன்றை அவர்களுள் ஒருவர் விட்டுச் சென்றார். அக்கடிதம் எதற்கும் உதவவில்லை.

கைதும் இறப்பும்

1942 சூலை 13 இல் பிரெஞ்சுக் காவலர்கள் இவரைக் கைது செய்து பித்திவியே முகாமுக்குக் கொண்டுசென்றனர். நான்கு நாட்களில் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டு, ஒரு மாதத்தில் டைபசு நோயால் இறந்தார். இறப்பை அறியாத மிசேல், மனைவிக்குப் பதிலாகத் தம்மை ஏற்குமாறு மார்சல் பெத்தானுக்கு எழுதினார். அவரும் அக்டோபரில் கைதாகி, நவம்பர் 6 இல் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்.

கையெழுத்துப் படி

மகள்கள் போர்தோ பகுதியில் கன்னியர் மடத்திலும் நிலவறைகளிலும் ஒளிந்து உயிர்தப்பினர். தாயின் குறிப்பேடு இருந்த பெட்டியைத் தெனிசு எங்கும் கைவிடவில்லை. அது நாட்குறிப்பு என்றெண்ணி, படித்தால் துயரம் மிகும் என அஞ்சிப் பல ஆண்டுகள் திறந்து வாசிக்கவில்லை. பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு எழுத்தெழுத்தாகப் படியெடுத்தபோதே அது புதினம் எனத் தெரிந்தது. தங்கை எலிசபெத் 1996 இல் காலமானதால் அச்சில் காணவில்லை. 2004 இல் நூலுக்கு ரெனொடோ பரிசு வழங்கப்பட்டது. மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. இசி-லெவெக்கைக் களமாகக் கொண்ட மற்றொரு புதினமான சலேர் து சாங் 2007 இல் வெளியிடப்பட்டது.