கல்பனா சாவ்லா அம்மையார்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அதன் கரையில் நின்று வடதிசையை நோக்கின், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலங்கள் தீ உமிழ்ந்து எழுவதைக் காணலாம். 2002ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் பிற்பகலில் அங்கிருந்து வானிலை ஆயும் செயற்கைக்கோள் ஒன்று விண்ணேகிற்று. அன்று அதன் பெயர் மெட்சாட். ஐந்து திங்கள் நிறைவதற்குள் அப்பெயர் மாறி, ஒரு பெண்மணியின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. மாணவர்களே, அப்பெண்மணியின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுந்தோம்.

இன்று அரியானா மாநிலத்தைச் சேர்ந்த கர்னால் நகரில் 1962ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அவர் பிறந்தார். நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பம் அது. நால்வர் மக்களுள் இவரே கடைக்குட்டி. வீட்டில் மோண்ட்டோ என்று அழைக்கப்பட்ட இக்குழந்தைக்குப் பள்ளியில் சேர்க்கும் நாள்வரை முறையான பெயர் இல்லை. தலைமையாசிரியர் முன்னிலையில் கூறப்பட்ட சில பெயர்களுள் கல்பனா என்பதைக் குழந்தையே தேர்ந்துகொண்டது. வடமொழிக் கல்பனாவும் நம் கற்பனையும் ஒன்றே. பெற்றோர் இட்ட பெயரைச் சுமப்பதே உலக வழக்கு. தன் பெயரைத் தானே தேர்ந்த குழந்தைகள் மிகச் சிலரே இருத்தல் கூடும்.

கர்னாலில் விமானம் ஓட்டப் பயிற்றும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் சிறு விமானங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே பறப்பதைக் கண்டு வளர்ந்த கல்பனா, ஒருமுறை தந்தையார் ஏற்பாட்டால் புஷ்பக் விமானத்தில் ஏறிப் பறந்தார். அன்று முதல் விமானம் அமைக்கும் கலையைக் கற்பதே அவர் வேட்கை ஆயிற்று. தந்தையாரோ மகள் மருத்துவம் பயிலுதலை விரும்பினார். சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தபோது, பெண்ணுக்கு இத்துறை பொருந்தாது என்று ஆசிரியர்களும் வேறு பிரிவுகளைக் காட்டினர். இளநங்கை அசையவில்லை. 1982இல் வானூர்திப் பொறியியலில் பட்டம் பெற்று, அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கல்லூரியில் 1984இல் முதுகலைப் பட்டமும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1988இல் முனைவர் பட்டமும் எய்தினார். விமானம் ஓட்டவும் கற்று, பிறர்க்குக் கற்பிக்கும் உரிமத்தையும் பெற்றார்.

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் அவர் ஆற்றிய பணி நுட்பமானது. நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும் விமானங்கள் உண்டு. அவற்றின் எஞ்சின் உமிழும் காற்று தரையில் மோதி, விமானத்தைச் சுற்றி எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கணிப்பொறியால் கணக்கிட்டு அறிவதே அப்பணி.

1994ஆம் ஆண்டு இறுதியில் விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1997 நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா விண்கலத்தில் ஏறினார். இந்தியாவிற் பிறந்த பெண்களுள் விண்வெளி கண்ட முதல்வர் இவரே. அப்பயணத்தில் ஓர் இடையூறு நேர்ந்தது. ஞாயிற்றை ஆயும் ஸ்பார்ட்டன் என்னும் கோளை இயந்திரக் கையால் வெளியே விடுவது அவர் பொறுப்பு. விடப்பட்ட கோள் செயற்படாது நின்றது. மீளப் பற்ற முயன்றபோது சுழலலாயிற்று. தோழர் இருவர் கலத்தின் வெளியே சென்று அதனைக் கையாற் பிடித்து மீட்டனர். பழி கல்பனாவின் மேல் விழுந்தது. அவர் யாரையும் கடிந்துரைக்காமல் தம் கடமைகளைச் செய்துகொண்டிருந்தார். ஐந்து திங்கள் நடந்த விசாரணை, மென்பொருளிலும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலும் இருந்த குறைகளே காரணம் எனக் கண்டு, அவரைக் குற்றத்தினின்று விடுவித்தது.

தாம் பயின்ற கர்னால் பள்ளியை அவர் மறந்தாரல்லர். அப்பள்ளி மாணவர் இருவர் ஆண்டுதோறும் நாசாவைக் கண்டு பயில வழிசெய்தார்.

2003 சனவரி 16ஆம் நாள் கொலம்பியாவில் மீண்டும் சென்றார். புறப்பட்ட 82ஆம் விநாடியளவில், எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பில் மோதிற்று. தரையிலிருந்த பொறியாளர் சிலர் படத்தைக் கண்டு ஐயுற்றனர்; மேலிருந்தோர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. எழுவரும் பதினாறு நாள் அல்லும் பகலும் முறைவைத்து ஆய்வுகள் நடத்தினர். பிப்ரவரி 1ஆம் நாள் திரும்புகையில், கடுவெப்பக் காற்று அவ்வுடைவின் வழியே சிறகினுட் பாய்ந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடங்களே இருந்தபோது, டெக்சாஸ் வானில் கலம் சிதறிற்று, எழுவரும் மாண்டனர். காற்றின் ஓட்டத்தை ஆய்வதில் இளமையைச் செலவிட்டவர்க்கு அக்காற்றே கூற்றாயிற்று என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகிறது.

பிப்ரவரி 5ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அந்த மெட்சாட்டுக்குக் கல்பனா 1 என்று பெயரிடப்பட்டது. துணிவுமிக்க பெண்களுக்கு அவர் பெயரால் தமிழ்நாட்டரசும் விருது வழங்கி வருகிறது. புவிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட கல்பனா, வங்கக் கடலில் திரளும் முகிற்கூட்டங்களையும் புயற்சுழிகளையும் பல்லாண்டு படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது.