படமெடுத்த படைத்தலைவர்

இங்கிலாந்து நாட்டின் டெவன்போர்ட் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தவர் லின்னேயஸ் டிரைப். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்த அவர், விடுமுறையில் தாயகம் சென்றபோது, அந்நாளில் புதுக்கலையாய் இருந்த நிழற்படக் கலையைக் கற்றார்.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது உலருமுன் படமெடுப்பது வழக்கம். வெப்பம் மிக்க நம் நாட்டில் அஃது எளிதன்று. பிரான்சு நாட்டில் ஓவியராயிருந்து நிழற்படக் கலைஞராய் மாறிய குஸ்தாவ் லெ கிரே என்பவர், மெழுகு தோய்த்த தாளில் படமெடுக்கும் முறையை 1851-இல் வெளியிட்டார். முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளத்தக்க அத்தாளை டிரைப் பெரிதும் பயன்படுத்தினார். படத்தில் வானம் வெறுமையாய்த் தோன்றின், தூரிகையால் முகில்களையும் தீட்டினார்.

1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. 1857 டிசம்பரில் பெங்களூரினின்று புறப்பட்டார். சங்ககிரி, நாமக்கல், இராயக்கோட்டை என மலைக்கோட்டைகள் மலிந்த அந்நாளைய சேலம் மாவட்டத்தில் இராயக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தார். பின்னர்த் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களுக்குச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார்.

1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெலியன், இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தச் செய்தார். டிரைப் படைப்பணிக்கே திரும்பினார், நிழற்படக் கலையைப் பெரும்பாலும் கைவிட்டார், 1902-இல் மறைந்தார்.

ஆடம்பரமென ஒதுக்கப்பட்ட அப்படங்களே, நம் கோயில்களும் கோட்டைகளும் அன்றிருந்த கோலத்தை இன்று நமக்குக் காட்டுகின்றன. ஒரு பணியின் பயன் அது செய்யப்பட்ட காலத்திலேயே முற்றும் விளங்கிவிடுவதில்லை.