ஆபீஸ் பையன் போட்ட மெட்டு: எம்.எஸ்.விஸ்வநாதனை உலகுக்கு காட்டிய கோவை இசையமைப்பாளர்

மேட்டுப்பாளையம்:-

சினிமா என்றாலே சென்னை கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1940-களில் மேட்டுப்பாளையத்தில் இருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள கோவையிலேயே படங்கள் தயாராகின. சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று ஊரே சினிமா களையுடன் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே இசையில் கொடிகட்டிப் பறந்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

1914-ம் ஆண்டு பிறந்த இவருக்கு சொந்த ஊர் கடையநல்லூர். சிறுவயதிலேயே நாடக கம்பெனியில் சேர்ந்தார். அங்கே கிடைத்த சங்கீதம்தான் அவரை கோவைக்கு கொண்டு வந்து சேர்த்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினார்.

எம்.ஜி.ஆர். முதன்முதலாக கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி (1947) படத்துக்கு இவர்தான் இசை. அண்ணா கதை எழுதிய வேலைக்காரி (1949) படத்துக்கு சி.ஆர்.சுப்பராமனுடன் சேர்ந்து இசையமைத்தார்.

ஆபீஸ் பையன்

அந்த சமயத்தில் சென்ட்ரல் ஸ்டூடியோவில் டீ, காபி வாங்கிக் கொடுத்து எடுபிடி வேலை பார்த்து வந்தான் ஒரு பையன். பாலக்காடு பக்கத்துக்காரன். பெயர் விஸ்வநாதன்.

1948-ல் அபிமன்யு படம் தயாரானபோது ஒரு பாட்டுக்கு மெட்டு சரியாக அமையாமல் நாயுடு திண்டாடினார். எல்லோரும் போன பிறகு ஆர்மோனியப் பெட்டியை எடுத்து அந்தப் பையன் வாசித்துப் பாட, அது நாயுடுவின் காதில் விழுந்தது. கோபப்படவில்லை. அந்த மெட்டையே படத்தில் வைத்துவிட்டார். ஆனால் சின்னப் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதால், வெளியே சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கூறி வைத்தார்.

பிறகு ஜூபிடர் நிறுவனம் சென்னைக்கு மாறியது. பலருக்கு வேலை போகும் நிலை. அப்போது முதலாளி சோமசுந்தரத்திடம் நாயுடு உண்மையை போட்டு உடைத்தார். அந்த மெட்டு இந்தப் பையன் போட்டது, இவனை கைவிட்டு விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தன் பெயருக்கு என்ன ஆகும் என்று அவர் பார்க்கவில்லை. சென்னைக்குப் போன அந்தப் பையன்தான் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

டி.எம்.எஸ்.சுக்கும் வாய்ப்பு

டி.எம்.சவுந்தரராஜன் முதன்முதலாக பாடிய கிருஷ்ண விஜயம் (1950) படத்திலும் நாயுடுவின் இசை உண்டு. பட்சிராஜா தயாரித்த மலைக்கள்ளன் (1954) படத்தில் எம்.ஜி.ஆருக்காக முதன்முதலில் டி.எம்.எஸ்.சை பாட வைத்தவரும் இவரே. அந்தப் படம் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதன் பிறகு எம்.ஜி.ஆர். படம் என்றால் டி.எம்.எஸ். குரல் என்று ஆகிப்போனது.

நாடோடி மன்னன் (1958), திருடாதே (1961) என்று நாயுடுவின் பயணம் தொடர்ந்தது. கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துடன் எஸ்.ஜானகியின் குரலை இணைத்து அவர் தந்த பாட்டு இன்றும் ஒலிக்கிறது.

கடைசி காலத்தில் நாயுடுவையும் அவரது மனைவியையும் எம்.எஸ்.வி. தன் வீட்டிலேயே வைத்து பார்த்துக்கொண்டார். 1979-ல் நாயுடு காலமானபோது, மகன் ஸ்தானத்தில் நின்று இறுதிச்சடங்கு செய்ததும் அந்த பழைய ஆபீஸ் பையன்தான்.